இணையத்தில் வந்த வரனையும் விசாரிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தின் வழியே வெளிநாட்டவருடன் பழகிப் பணத்தை இழந்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். வயது வந்த பெண்பிள்ளைகளிடமிருந்து கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது என்று ஒரு கடிதம் முடிந்திருந்தது. நான் 32 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். டேட்டிங் செயலி ஒன்றில் அறிமுகமான ஜெர்மானியர் ஒருவரை என் மகள் 2024-ஆம் ஆண்டு எங்கள் முழுச் சம்மதத்துடன் திருமணம் செய்துகொண்டாள். என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், அதே போன்ற மற்றொரு செயலியில் பழகியவரிடம் தம் ஓய்வூதியப் பணத்தை இழந்தார். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆசிரியையைப் பற்றி, அவருடைய அனுமதியுடன். கணவரை இழந்து ஒன்பது ஆண்டுகள் தனியாக இருந்தவர். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். லண்டனில் மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஐந்து மாதங்கள் நாள் தவறாமல் காலையிலும் இரவிலும் அவருக்குச் செய்தி அனுப்பினார். சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அன்றாடம் கேட்க ஆளில்லாத ஒரு மனுஷிக்கு அந்த இரண்டு கேள்விகள் எவ்வளவு பெரியவை என்பதை அவர் அழுதுகொண்டே சொன்னபோதுதான் நான் உணர்ந்தேன். ஒருநாள், பிறந்தநாள் பரிசாக நகையும் பவுண்டு நோட்டுகளும் வைத்த பார்சல் அனுப்பியிருப்பதாகச் செய்தி வந்தது. மறுநாள், டெல்லி விமான நிலையச் சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். முதலில் சுங்கவரி, பிறகு அபராதம், பிறகு வெளிநாட்டுப் பணம் வைத்திருந்ததற்கு வழக்குப் பதியாமல் இருக்க ஒரு தொகை என்று நான்கு தவணைகளில், நான்கு தனிநபர்களின் வங்கிக் கணக்குகளுக்குப் பணம் போனது. நான்காவது தவணைக்குக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார்.

சுங்கத்துறை எந்தக் காலத்திலும் தொலைபேசியில் அழைத்து, தனிநபர் கணக்கில் வரி கட்டச் சொல்லாது. அத்துறை அனுப்பும் கடிதங்களில் 2019 முதல் ஓர் ஆவண அடையாள எண் இருக்கிறது. அது உண்மையானதா என்பதைத் துறையின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தச் சிறு தகவல் எங்களில் பலருக்குத் தெரியும். என் கணவர் கூட்டுறவு வங்கியில் இருந்தவர்; அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் தவணையோடு நின்றிருக்கும். ஏன் டீச்சர் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "இந்த வயதில் இவளுக்கு இது தேவையா என்று எல்லோரும் சிரிப்பீர்களே" என்றார். அந்தப் பதில் என்னை இன்றும் சுடுகிறது. ஏனென்றால், அவர் முன்பே வந்து சொல்லியிருந்தால் நான் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மோசடிக்காரன் பேச்சில் கெட்டிக்காரன் என்பது உண்மையே. ஆனால் அவன் பெரிதும் நம்பியிருப்பது, அந்தப் பெண் இதை யாரிடமும் வாய்திறக்க மாட்டாள் என்பதைத்தான். நம் வீடுகளில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கைப்பேசியைப் பிடுங்கச் சொல்லும் வாசகர் தம் கடிதத்தில் அவனுக்குத்தான் உதவி செய்கிறார். மறைத்துவைத்துப் பேசும் பெண்ணை ஏமாற்றுவது இன்னும் எளிது.

முன்பின் தெரியாதவரைச் சொல்லை நம்பித் தேடுவது நமக்குப் புதிதும் இல்லை. தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வரும் 'மணமகள் தேவை' விளம்பரமும் முகம் தெரியாத ஒருவருடைய சொல்தான். பாரத் மேட்ரிமோனி போன்ற வரன் தேடும் இணையதளங்கள் தொடங்கப்பட்ட பிறகு, ஜாதகக் கட்டோடு வரனும் இணையத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் மாப்பிள்ளைகளைக் கணினித் திரையில் பார்த்தே முடிவு செய்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் விளம்பரத்தைப் பார்த்ததும் யாரும் பெண்ணைக் கொடுத்துவிடுவதில்லை. பையனின் ஊருக்குப் போய், அவன் வேலை பார்க்கும் இடத்தில், அடுத்த வீட்டில், டீக்கடையில் என்று நாலு இடத்தில் விசாரித்த பிறகே பேச்சை எடுக்கிறோம். அந்த விசாரிப்பில் சாதியும் வரதட்சணையும் கலந்து கெட்டுப்போனது நம் குறை. அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக நாலு பேர் மெனக்கெட்டு உண்மையைத் தேடுவது நம்மிடம் இருக்கும் நல்ல வழக்கம். அந்நிய நாட்டுக்காரர் என்றதும் அந்த வழக்கத்தை மட்டும் ஏன் கைவிடுகிறோம் என்பதே என் கேள்வி. ஒன்று, முடியவே முடியாது என்று கதவைச் சாத்துகிறோம். அல்லது, உன் பாடு என்று ஒதுங்கிவிடுகிறோம். இரண்டிலும் பிள்ளை தனியாக விடப்படுகிறது.

என் மகள் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். 2020-இல், கொரோனா முடக்கத்தில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில், அந்த ஜெர்மானியரோடு பழக்கம் ஏற்பட்டது. எட்டு மாதம் கழித்து எங்களிடம் சொன்னாள். என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "சரி, எந்த ஊர், என்ன வேலை, இதற்கு முன் கல்யாணம் ஆனவரா, கேட்டுச் சொல்" என்றார். அந்த மூன்று கேள்விகளில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் தொடங்கியது. அவர் முன்பு திருமணமாகி விவாகரத்துப் பெற்றவர். இதை அவரே, நாங்கள் கேட்பதற்கு முன்பே, மகளிடம் சொல்லியிருந்தார். கேட்டதும் நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் அனுப்பினார். எனக்கு அந்தச் செய்தி கசந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மறைக்காமல் சொன்னவர் என்பது மனத்தில் நின்றது.

நான் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவர் ஒருவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கார் உற்பத்தித் துறையில் பொறியாளராக இருக்கிறார். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் பயணம் செய்து, பிரைபுர்க் நகருக்கு அருகில் உள்ள சிற்றூரில் இருக்கும் மாப்பிள்ளை குடும்பத்தினரின் வீட்டுக்குப் போனார். ஞாயிறு பிற்பகலில் காபியும் கேக்கும் வைத்து விருந்தினரை உட்காரவைத்துப் பேசுவது அந்த ஊர் வழக்கமாம். பிளம்ஸ் பழம் பதித்த கேக்கை மாப்பிள்ளையின் அம்மா தாமே செய்திருந்தாராம். இரவு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார் என் மாணவர். "டீச்சர், நான் அவர்களை விசாரிக்கப் போனேன், அவர்கள் என்னை உட்காரவைத்து உங்களைப் பற்றி விசாரித்துவிட்டார்கள்" என்றார். இணையத்தில் பழகிய இந்தியப் பெண் என்றைக்காவது பணம் கேட்பாளோ, மகன் மறுபடியும் மனம் உடைந்துபோவானோ என்று அந்த அம்மா பல மாதங்களாகக் கலங்கியிருந்திருக்கிறார். உங்கள் டீச்சர் நிஜமாகவே இருக்கிறாரா, பள்ளி நிஜமாகவே இருக்கிறதா என்று அவர் கேட்டதாக மாணவர் சொன்னபோது, முகம் பார்த்திராத அந்தச் சம்பந்தி அம்மா எனக்கு அவ்வளவு நெருக்கமாகிவிட்டார். நான் இங்கே பயந்ததை அவர் அங்கே பயந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை 2022 டிசம்பரில் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து 12 நாட்கள் தங்கினார். திரையில் பார்த்துப் பேசியது எத்தனை மாதமானாலும், ஒரு மனிதர் நேரில் எப்படிக் கோபப்படுகிறார், வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் உடன் இருந்தால்தான் தெரியும். அமெரிக்க அரசு நிச்சயிக்கப்பட்ட துணைக்குக் கொடுக்கும் கே-1 விசாவுக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பிரிட்டனிலும் துணைவர் விசா கேட்பவர்கள் நேரில் சந்தித்திருக்க வேண்டும். அரசாங்கங்கள் கேட்கும் இந்தக் குறைந்தபட்ச நிபந்தனையைப் பெற்றோராகிய நாமும் தயங்காமல் கேட்கலாம்.

இனி, திருமணச் சட்டம் பற்றிச் சில வார்த்தைகள். இதில் படித்தவர்களே தவறு செய்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின்படி நடக்கும் திருமணத்துக்கு மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, படம் எடுத்து, அதைக் கொண்டு விசாவுக்கு அலைந்து திரும்பிய குடும்பத்தை நான் அறிவேன். வெவ்வேறு மதத்தினருக்கும் வெளிநாட்டவருடனான திருமணத்துக்கும் இங்கே உரிய வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்களுக்குக் குறையாமல் வசித்த பிறகே அறிவிப்புக் கொடுக்க முடியும். அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டி, 30 நாட்களுக்குள் ஆட்சேபம் ஏதும் வராவிட்டால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம் நடக்கும். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முடிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு எங்களோடு வந்து தங்கியது இந்த 30 நாள் கணக்குக்காகத்தான். கூட்டுக் குடும்பச் சொத்து உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்து ஒருவர் வேற்று மதத்தவரை இச்சட்டத்தின் கீழ் மணந்தால், பிரிக்கப்படாத குடும்பத்திலிருந்து அவர் பிரிந்ததாகவே சட்டம் கருதும், வாரிசுரிமையும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி அமையும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே என் கணவர் உயில் எழுதினார்.

அந்த அறிவிப்புப் பலகையை நான் மறக்க மாட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள், இரண்டு நில ஏல அறிவிப்புகளுக்கு நடுவே, என் மகளின் படமும் அவர் படமும் ஒட்டிய தாள் குண்டூசியில் லேசாகச் சாய்ந்து தொங்கியது. பத்திரம் பதிய வந்தவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. அதனால் அது பாதிக்கவில்லை. ஆனால் வீட்டில் எதிர்ப்பு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதே பலகை என்ன ஆகும் என்பதை ஆணவக் கொலைகள் நடக்கும் மாநிலத்தில் வாழும் நாம் விளக்கத் தேவையில்லை. மனத்துக்குப் பிடித்தவரை மணப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஹாதியா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும், நாங்கள் போன ஓர் அலுவலகத்தில், பெற்றோர் இருவரும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மனுவையே வாங்குவோம் என்றார்கள். உரிய வயது நிரம்பிய மணமக்களுக்குச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. நாங்கள் கூடவே இருந்ததால் வேலை நடந்தது. தனியாக வந்த பெண்ணாக இருந்தால் அந்த மேசையிலிருந்தே திரும்பிப் போயிருப்பாள்.

மாப்பிள்ளையின் தரப்பில், திருமணம் செய்துகொள்ளச் சட்டப்படி தடையில்லை என்ற சான்றிதழை அவர் ஊர்ப் பதிவு அலுவலகம் கொடுத்தது. முந்தைய விவாகரத்துத் தீர்ப்பைச் சரிபார்க்காமல் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. யாரோ ஒரு மருத்துவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கும் இப்படி ஓர் அரசு அலுவலகம் கொடுக்கும் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெண்களைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆவணங்களையும் அவர்கள் எளிதில் நம்புவதில்லை. வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருந்தாலும், இந்திய அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை; தேவைப்பட்டால் ஆள் அனுப்பிச் சரிபார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், மளிகைக் கடை அண்ணாச்சியிடம் இந்தப் பெண் இவர்கள் மகள்தானா, முன்பு திருமணமானவளா என்று கேட்டார். அண்ணாச்சிக்குக் கோபம். எனக்கோ, என் கல்யாணத்துக்கு முன் என் மாமனார் எங்கள் ஊர்ப் பால்காரரிடம் கேட்டுவிட்டுப் போன கதை நினைவுக்கு வந்தது.

விசாவுக்கு முன் மகள் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ-1 தேர்வில் தேர்ச்சி பெற்றாள். பெரும்பாலான துணைவர்களுக்கு அது கட்டாயம். அப்போது எனக்குச் சுமையாகத் தெரிந்தது. இப்போது நல்லதென்றே படுகிறது. தனியாக ஒரு மருத்துவமனைக்குப் போய் இங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பெண்ணை எந்த நாட்டுக்கும் அனுப்பக் கூடாது. அங்கே மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகு, மணவாழ்க்கை முறிந்தாலும் துணைவருக்குத் தனியாகத் தங்கும் உரிமை கிடைக்கும்; வீட்டுக்குள் வன்முறை இருந்தால் அந்த மூன்று ஆண்டுகளைக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற விலக்கும் உண்டு. பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான ஜெர்மானிய உதவி எண் 116016. மாப்பிள்ளை மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் மாணவரிடம் கேட்டு அந்த எண்ணை வாங்கி மகளின் பாஸ்போர்ட் உறைக்குள் எழுதி வைத்தேன். உள்ளூர் மாப்பிள்ளையாக இருந்தாலும் தாய் செய்ய வேண்டிய காரியம் இது.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தானாக, முட்டி மோதித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில், வெளிநாட்டவரை மணந்தோ மணக்கவோ புறப்படும் குடிமக்கள் அரசு ஆணையம் ஒன்று நடத்தும் ஆலோசனை வகுப்பில் கலந்துகொண்டே ஆக வேண்டும். போகும் நாட்டின் சட்டம், தன் உரிமை, ஆபத்தில் யாரை அழைப்பது என்பதையெல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு பெண்களை வெளிநாட்டுக்கு மணம் பேசி அனுப்பும் தரகுத் தொழிலால் நெடுங்காலம் அடிபட்ட நாடு அது. 1990-லேயே அதற்கெதிராகத் தனிச் சட்டம் போட்டது. கட்டாயமாக்குவது நமக்குச் சரிவராது என்றே நினைக்கிறேன். வயது வந்தவரின் பயணத்துக்கு அரசு அனுமதிச் சீட்டுக் கொடுப்பது வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். ஆனால் நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. மணமாகி வெளிநாடு போகிறவர்களுக்கு விருப்பத்தின் பேரில் ஒருநாள் வகுப்பு நடத்தலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் நடைமுறையைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு எல்லாச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் ஒட்டலாம். பெற்றோர் கையெழுத்துத் தேவையில்லை என்பதையும் அதில் சேர்க்கலாம்.

மோசடிக்காரர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-இல் மீட்கப்பட்டு வந்தார்கள். அந்தப் பக்கம் இனிக்க இனிக்கத் தட்டச்சு செய்வது, அடிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவராகவும் இருக்கலாம் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் வரும் மணமக்கள் பக்கத்தின் ஓரத்தில், இணையப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணைத் தவறாமல் அச்சிடுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது கைமாறுவதற்கு முன் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. என் தோழி அந்த எண்ணைக் கேள்விப்பட்டது பணம் போய் ஏழு வாரங்கள் கழித்து.

இக்கடிதத்தை அனுப்பும் முன் அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். தம்மைப் பற்றிய பகுதியில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "தொகையை எழுதாமல் விட்டுவிட்டீர்களே டீச்சர், எழுதுங்கள்" என்றார். 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
கும்பகோணம்.